லோகோவை வாடிக்கையாளர் முன் வைப்பது எப்படி? – கேள்வி பதில்

லோகோ வடிவமைப்பை வாடிக்கையாளரிடம் காட்டும் விதம் குறித்து வந்த கேள்விகளுக்கு, 18 ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

கேள்வி: முதன்முறையாக ஒரு லோகோவைக் காட்டப் போகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

வாடிக்கையாளர் உங்களிடம் சொன்னவற்றிலிருந்து தொடங்குங்கள். தம் தொழிலைப் பற்றியும் அதை யாருக்காக நடத்துகிறார் என்பதைப் பற்றியும் முதல் சந்திப்பில் அவர் சொன்னவற்றுள் முக்கியமான மூன்று நான்கு வாக்கியங்களை, முடிந்தவரை அவருடைய சொற்களிலேயே முதல் பக்கத்தில் எழுதி, படித்துக் காட்டி, ‘இதில் ஏதாவது மாறியிருக்கிறதா?’ என்று கேளுங்கள். ‘இல்லை’ என்று அவர் சொன்ன பிறகே லோகோ வெளியே வர வேண்டும். அப்போதுதான் அதை எதை வைத்து அளப்பது என்பது இருவருக்கும் தெளிவாக இருக்கும்.

லோகோவை முதலில் வெள்ளைப் பக்கத்தில், கருப்பில், தனியாகக் காட்டுங்கள். வண்ணம் முதலிலேயே வந்துவிட்டால் பேச்சு முழுவதும் வண்ணத்தைச் சுற்றியே ஓடும். வடிவத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். பிறகு வண்ணம். அதன் பின், அது உண்மையில் பயன்படப் போகும் இடங்கள்: பெயர்ப்பலகை, ரசீது, உலாவியின் தாவலில் வரும் 16 பிக்சல் சதுரம்.

காட்டியதும் சிறிது நேரம் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், ‘வேண்டுமானால் இந்த வளைவை மாற்றிவிடலாம்’ என்று நானே முந்திக்கொண்டு சொல்லி, நல்ல வடிவங்கள் சிலவற்றைத் தொடக்க காலத்தில் இழந்திருக்கிறேன். அந்த வளைவு வாடிக்கையாளரின் கண்ணில் பட்டுக்கூட இருக்காது.

கேள்வி: அவருக்கு நேரமில்லையாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமா?

அனுப்பாதீர்கள். ஒருமுறை நான் கருப்பு எழுத்துகளும் ஓர் ஆரஞ்சுப் புள்ளியும் கொண்ட லோகோவை, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக முன்கூட்டியே அனுப்பிவிட்டேன். வாடிக்கையாளரின் கைபேசித் திரை இருண்ட பின்னணியில் இருந்தது. கருப்பு எழுத்துகள் முழுவதும் மறைந்துபோய், ஆரஞ்சுப் புள்ளி மட்டும் அவருக்குத் தெரிந்தது. நான் அழைப்பதற்குள் அதைத் தம் கூட்டாளிகள் மூவருக்கும் அனுப்பி, அவர்களுடைய கருத்தையும் வாங்கிவிட்டார். காரணம் தெரிந்த பிறகும், ‘வெறும் புள்ளி’ என்ற முதல் எண்ணம் அவர்கள் மனத்திலிருந்து போகவே இல்லை. நேரில் முடியாவிட்டால் காணொளி அழைப்பில் திரையைப் பகிர்ந்து காட்டுங்கள். கோப்பு பேச்சு முடிந்த பிறகு போகட்டும்.

கேள்வி: எத்தனை மாதிரிகள் காட்ட வேண்டும்?

ஒன்று அல்லது இரண்டு. இரண்டு என்றால், இரண்டும் வெவ்வேறு எண்ணத்திலிருந்து பிறந்தவையாக இருக்க வேண்டும்; ஒரே வடிவத்தின் இரண்டு வண்ணங்கள் இரண்டு மாதிரிகள் ஆகா. எண்ணிக்கைக்காக நீங்களே விரும்பாத ஒன்றைச் சேர்த்தால், அதையே அவர் தேர்ந்தெடுத்துவிடும் ஆபத்து உண்டு. பிறகு உங்கள் பெயரில் அது ஆண்டுக்கணக்கில் பெயர்ப்பலகையில் நிற்கும்.

கேள்வி: இதை ஏற்க முடியவில்லை. ஒன்றை மட்டும் காட்டுவது பால் ராண்ட் போன்ற புகழ்பெற்ற அமெரிக்க வடிவமைப்பாளர்களுக்குத்தான் சரிப்படும். எங்களைப் போன்றவர்கள் அப்படிச் செய்தால் வாடிக்கையாளர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்.

நியாயமான மறுப்பு, விரிவாகவே பதில் சொல்கிறேன். 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தம் நெக்ஸ்ட் (NeXT) கணினி நிறுவனத்தின் லோகோவுக்காக ராண்டை அணுகி, சில மாற்று வடிவங்கள் தர முடியுமா என்று கேட்டார். ராண்ட் மறுத்துவிட்டார். ஒரு தீர்வுதான் தருவேன், பயன்படுத்துவதும் விடுவதும் உங்கள் விருப்பம், ஊதியத்தை மட்டும் கொடுத்துவிட வேண்டும் என்பதே அவர் நிலைப்பாடு. ஊதியம் 1,00,000 டாலர். 1956இலேயே ஐபிஎம் லோகோவை வடித்தவர் என்பதால் அவர் சொல்லுக்கு அந்த எடை இருந்தது. அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி.

ஆனால் இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதன் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். ராண்ட் ஜாப்ஸிடம் கொடுத்தது லோகோவை மட்டுமன்று. அதை விளக்கும் ஒரு புத்தகத்தையும் சேர்த்தே கொடுத்தார். NeXT என்ற நான்கு ஆங்கில எழுத்துகளில் ‘e’ மட்டும் ஏன் சிறிய வடிவில் இருக்கிறது, கருப்புக் கனசதுரம் எதற்கு, அது ஏன் 28 பாகை சாய்ந்திருக்கிறது என்று, படிப்பவர் தாமே அந்த முடிவுக்கு வந்து சேரும்படி படிப்படியாக எழுதியிருந்தார். அவருடைய புகழ் நம்மிடம் இல்லை. அந்தப் புத்தகத்தின் சிறிய வடிவமாகப் பத்துப் பக்கங்களை நாம் ஒவ்வொருவரும் தயாரிக்க முடியும். ஒரே மாதிரியைக் காரணமின்றி நீட்டினால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்பது உண்மை. காரணத்தோடு நீட்டியபோது அப்படி யாரும் என்னை விட்டுப் போனதில்லை.

கேள்வி: என் வாடிக்கையாளர் ஐந்து மாதிரிகள் கேட்கிறார். எத்தனை காட்டலாம்?

மேலே உள்ள இரண்டு பதில்களையும் படியுங்கள். எண்ணிக்கையை வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: லோகோவுக்குள் மறைந்திருக்கும் பொருளை விளக்க வேண்டுமா?

சுருக்கமாகச் சொல்லலாம், அதன் மீதே வாதத்தைக் கட்ட வேண்டாம். 1994இல் லிண்டன் லீடர் வடித்த ஃபெடெக்ஸ் (FedEx) கூரியர் நிறுவனத்தின் லோகோவில், கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகளுக்கு இடையே ஓர் அம்பு இருக்கிறது. அதைக் கவனிக்காதவர்களுக்கும் அந்த லோகோ குறையின்றி வேலை செய்கிறது.

கேள்வி: ‘பிடிக்கவில்லை, வேறு ஏதாவது’ என்கிறார். என்ன செய்வது?

‘பிடித்திருக்கிறதா?’ என்று நீங்கள் கேட்டிருந்தால் அப்படித்தான் பதில் வரும். முதல் பக்கத்துக்குத் திரும்பிச் சென்று, அவர் சொன்ன எந்த வாக்கியத்தோடு இந்த லோகோ பொருந்தவில்லை என்று கேளுங்கள். ‘எங்கள் வாடிக்கையாளர்கள் வயதானவர்கள், இந்த எழுத்து மெலிதாக இருக்கிறது’ என்பது போன்ற பதில் வந்தால் அது தங்கம், உடனே குறித்துக்கொள்ளுங்கள். அத்தகைய திருத்தங்களால் என் லோகோக்கள் பல மேம்பட்டிருக்கின்றன.

கேள்வி: பிடிஎஃப் கோப்பாக முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பினால் பரவாயில்லையா?

வாட்ஸ்அப்பானாலும் மின்னஞ்சலானாலும் பிடிஎஃப் ஆனாலும் பதில் ஒன்றே: நீங்கள் பேசுவதற்கு முன் லோகோ போகக் கூடாது.

கேள்வி: வர்த்தகக் குறியாகப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டால்?

அறிவுசார் சொத்துரிமை வழக்கறிஞரிடம் அனுப்புங்கள். வடிவமைப்பாளர் உறுதி தரக்கூடிய விஷயம் அன்று.

கேள்வி: ஒப்புதல் கிடைத்த பின் எதையெல்லாம் ஒப்படைப்பது?

எஸ்விஜி, பிடிஎஃப் வடிவ வெக்டர் கோப்புகள் (எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாதவை); வெள்ளை, கருப்பு, வண்ணம் என மூன்று வகைகள்; அச்சுக்கும் திரைக்கும் தனித்தனி வண்ண மதிப்புகள்; லோகோவைச் சுற்றி விட வேண்டிய இடைவெளியைக் காட்டும் ஒரு பக்கம். எழுத்துருவுக்கான உரிமத்தை வாடிக்கையாளர் தம் பெயரிலேயே வாங்க வேண்டுமா என்பதை உரிம விதிகளில் பார்த்துச் சொல்லுங்கள். இறுதித் தவணை வந்த பிறகே இவை அனைத்தும் கைமாற வேண்டும்.