கிரேவில் சனிக்கிழமை: கார்டு படிப்பது எப்படி? கேள்வியும் பதிலும்

சாட்ஸ்வர்த்திலிருந்து: அண்ணே, சனிக்கிழமை டர்பனின் கிரேவில் குதிரைப்பந்தயத் திடலில் எட்டு ரேஸ். கார்டில், அதாவது ஓட்டப் பட்டியலில், எல்லாத்தையும் அலச நேரமில்லை. எங்கே தொடங்கட்டும்?

எட்டிலும் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை, தம்பி. முதலில் ஸ்கிராட்சிங் பார், அதாவது விலகிய குதிரைகள். உள்கேட்டில், அதாவது உள்வேலியை ஒட்டிய கிளம்பும் கூண்டில், நின்ற குதிரை விலகினால் அதற்கு வெளியே உள்ளவை எல்லாம் ஒவ்வொரு கேட்டாக உள்ளே நகரும். நேற்று 9ஆம் கேட் என்று கழித்த குதிரைக்கு இன்று 6 கிடைத்திருக்கலாம். அடுத்தது தரை. பெனட்ரோமீட்டர் எண் கூடக் கூட புல்தரை இளகலாக இருக்கிறது என்று அர்த்தம். டர்பன் குளிர்காலத்தில் மழை குறைவு, தரையும் அவ்வளவாக மாறாது. கோடையில் காலையில் சொன்ன எண்ணை மதியம் ஒரு இடிமழை பொய்யாக்கிவிடும்.

பிறகு, இதுவரை ஜெயிக்காத குதிரைகளுக்கான மெய்டன் ஓட்டங்களில் பாதிக்கு மேல் புதுமுகம் இருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடு. படிக்க எதுவுமில்லாத இடத்தில் எதைப் படிப்பது? மிச்ச நேரத்தை, திறமைக்கேற்ப எடை ஏற்றி ஓட்டும் ஹேண்டிகேப்பில் செலவிடு. நாளொன்றுக்கு இரண்டு மூன்று ஓட்டத்தில் தெளிவு வந்தாலே போதும்.

மெரேபேங்கிலிருந்து: 1,600 மீட்டர் ஹேண்டிகேப்பில் போன தடவை 3ஆம் எண் 7ஆம் எண்ணை ஒன்றரை லெங்த்தில், அதாவது ஒன்றரைக் குதிரை நீளத்தில், ஜெயித்தது. அப்போது 3க்கு 55 கிலோ, 7க்கு 58. இப்போது 3க்கு 58, 7க்கு 57.5. யாரை எடுப்பது?

இந்த மாதிரிக் கேள்வி வந்தால்தான் எனக்குக் கை துறுதுறுக்கும். நம் தென்னாப்பிரிக்காவில் குதிரையின் திறமைக்குப் போடும் மெரிட் ரேட்டிங்கில் ஒரு புள்ளிக்கு அரை கிலோ. 80 புள்ளிக் குதிரை 60 கிலோ சுமந்தால் அதே ஓட்டத்தில் 72 புள்ளிக் குதிரை 56 சுமக்கும். 3ஆம் எண்ணுக்கு 3 கிலோ ஏறியிருக்கிறது, 7ஆம் எண்ணுக்கு அரை கிலோ குறைந்திருக்கிறது. ஆக 7க்குச் சாதகமாக மூன்றரை கிலோ. 1,600 மீட்டரில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லெங்த் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை லெங்த்தில் தோற்ற குதிரை தாள் கணக்கில் இரண்டு லெங்த் முன்னால் வருகிறது. குறைந்த தூரத்தில் ஒரு லெங்த்துக்கு இன்னும் அதிக எடை வேண்டும், நீண்ட தூரத்தில் குறைவாக.

ஆனால் இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கணக்குச் சரி, ஓட்டத்தைப் பார்க்கவில்லை. வீடியோவில் கடைசி 200 மீட்டரைப் பார். 3ஆம் எண்ணின் ஜாக்கி சவுக்கைத் தொடாமல், கைகள் அசையாமல் உட்கார்ந்து வந்திருந்தால் அந்த ஒன்றரை லெங்த் அதன் எல்லை அல்ல. அதன் கையிருப்பு நமக்குத் தெரியாது, மூன்றரை கிலோ அதை நிறுத்தாமலும் போகலாம். 7ஆம் எண் வழியடைபட்டு, இடைவெளி கிடைத்தபின் ஓடி வந்திருந்தால் கணக்கு இன்னும் அதன் பக்கம் சாயும். இரண்டும் முழுமூச்சாக ஓடியிருந்தால் 7தான் என் தேர்வு.

டொங்காட்டிலிருந்து: பயிற்சி ஜாக்கிக்கு 4 கிலோ தள்ளுபடி என்று போட்டிருக்கிறதே, அது நல்லதா?

அனுபவத்துக்கு ஏற்றபடி 4, 2.5, 1.5 கிலோ என்று குறையும். முன்னால் போய் ஒரே வேகத்தில் ஓடும் குதிரைக்கு நல்லது, ஏனென்றால் அங்கே ஜாக்கி முடிவெடுக்க வேண்டியது குறைவு. பின்னாலிருந்து சந்து பார்த்து நுழைய வேண்டிய குதிரையில் பையன் மாட்டிக்கொண்டால் 4 கிலோ அங்கேயே போய்விடும். பெரிய பரிசு ஓட்டங்களில் இந்தச் சலுகையே கிடையாது.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து: எங்க ஊர் ஸ்காட்ஸ்வில்லில் கேட் பார்த்துக் கட்டினால் சரியாக வருகிறது. கிரேவிலில் வருவதில்லை. ஏன், அண்ணே?

திடல் வேறு, தம்பி. ஸ்காட்ஸ்வில்லின் 1,200 மீட்டர் நேர்கோடு. அங்கே உள்கேட், வெளிக்கேட் என்பதைவிட அன்றைக்கு எந்தப் பக்கத்துத் தரை வேகமாக இருக்கிறது என்பதுதான் கேள்வி. முதல் நேர் ஓட்டத்தில் முதல் மூன்று குதிரைகள் எந்தப் பக்கம் வந்தன என்று பார்த்துவிட்டு அடுத்ததில் கட்டு. கிரேவில் வலப்பக்கமாகச் சுற்றும் பேரிக்காய் வடிவத் திடல், சுற்றளவு சுமார் 2,800 மீட்டர். குறைந்த தூர ஓட்டத்துக்கும் வளைவு உண்டு. வேகமாகக் கிளம்பும் குதிரைக்கு உள்கேட் பொன். மெதுவாகக் கிளம்பும் குதிரைக்கு அதே உள்கேட் சிறை. கேட் எண்ணைத் தனியாகப் படிக்காதே, அதன் பக்கத்தில் குதிரையின் கிளம்பும் வேகத்தை எழுதிவை.

வெருலத்திலிருந்து: தம்பி, கேப் டவுன் குதிரையொன்று அங்கே நன்றாக ஓடியிருக்கிறது. இங்கேயும் ஓடுமா?

கெனில்வொர்த் இடப்பக்கமாகச் சுற்றுவது அக்கா, கிரேவில் வலப்பக்கம். வலது வளைவில் குதிரை வலது முன்காலை முன்னால் நீட்டி ஓட வேண்டும். இடதுகாலிலேயே ஓடப் பழகியது வளைவில் வெளியே விலகி இரண்டு மூன்று லெங்த்தை இழக்கும். இதற்கு முன் வலப்பக்கம் ஓடியிருக்கிறதா என்று கார்டில் பாருங்கள். முதல் தடவை என்றால், விலை தாராளமாக இருந்தால் ஒழிய நான் தொடமாட்டேன். ஜொஹானஸ்பர்க்கின் டர்ஃபொன்டெய்ன் குதிரைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கேயும் வலப்பக்கம்தான்.

பீனிக்ஸிலிருந்து: குதிரை பெயர் பக்கத்தில் ஏ, பி, டி என்ற எழுத்துகள்?

ஏ என்றால் அலுமினிய லாடம், பி கண்மறைப்பு, டி நாக்குக் கட்டு. நிரந்தரமாக இருப்பதில் செய்தி இல்லை, புதிதாக வந்ததும் போனதும்தான் செய்தி. முதல்முறை கண்மறைப்பு போட்டால் சோம்பேறிக் குதிரை முன்னால் பாயலாம், ஏற்கெனவே துடிக்கும் குதிரை ஆரம்பத்திலேயே மூச்சைத் தீர்த்துவிடும். காயடித்தபின் முதல் ஓட்டம் என்றிருந்தால் பழைய ஃபார்மை, அதாவது முன்பு ஓடிய விதத்தை, கொஞ்சம் மறந்துவிட்டுப் பார்.

சாட்ஸ்வர்த்திலிருந்து, மறுபடி: வெள்ளிக்கிழமை இரவு பாலிட்ராக்கில்?

அது செயற்கைத் தரை. புல்லில் பெற்ற ஃபார்மை அப்படியே கொண்டுவராதே. பின்னால் ஓடுபவற்றின் முகத்தில் துகள் அடிக்கும், சில குதிரைகள் அதை வெறுக்கும். பாலிட்ராக்கில் முன்பே இடம்பிடித்தவற்றை மட்டும் எடு.

அம்சின்டோவிலிருந்து: குதிரையைச் சரியாகத்தான் எடுக்கிறேன். காசு மட்டும் கரைகிறது.

விலை பார்க்காமல் கட்டுகிறாய். 4-1, அதாவது ஒன்று கட்டினால் நான்கு லாபம், என்றால் ஐந்தில் ஒன்று, 20 சதவீதம். 33-10 என்றால் 43இல் 10, ஏறக்குறைய 23. உன் கணிப்பில் அந்தக் குதிரைக்கு 30 சதவீத வாய்ப்பு என்றால் 33-10 வாங்கத்தக்க விலை. அதே குதிரை 15-10க்கு வந்துவிட்டால் புக்கி 40 சதவீதம் என்கிறான், விட்டுவிடு. ஓட்டத்தில் உள்ள எல்லாக் குதிரைகளின் சதவீதத்தையும் கூட்டினால் 100ஐத் தாண்டும். தாண்டுவது அவன் பங்கு.

அடுத்தது சீட்டின் விலை. முதல் மூன்று குதிரைகளையும் வரிசையாகச் சொல்லும் டிரைஃபெக்டாவில், நான்கு குதிரை எந்த வரிசையிலும் வரலாம் என்று பெட்டி கட்டினால் 24 சேர்க்கை, ஐந்து என்றால் 60. ஒன்றை முதலிடத்துக்கு நிறுத்தி மற்ற நான்கை இரண்டு, மூன்றுக்கு விட்டால் 12 தான். ஏழு ஓட்டத்திலும் இடம்பிடிக்கும் குதிரையைச் சொல்லும் பிளேஸ் அக்யூமுலேட்டரில் ஓட்டவாரியாக 1, 2, 3, 1, 2, 3, 2 குதிரை என்று எடுத்தால் 72 சேர்க்கை, ஒரு ரேண்டு வீதம் 72 ரேண்டு. அது கையைக் கடித்தால் 50 சதவீதமாக 36க்கு எடு, வரும் தொகையிலும் பாதி. பேங்கர் என்று ஒற்றைக் குதிரை நிறுத்தும் இடத்தில் எத்தனை ஓடுகின்றன என்றும் பார். டோட்டில், அதாவது எல்லார் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பிரிக்கும் பந்தயத்தில், 8 முதல் 15 வரை ஓடினால் மூன்று இடம், 16 அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு இடம். காலையில் 8 இருந்து ஒன்று விலகினால் மூன்றாவது இடம் காணாமல் போகும், உன் பேங்கரும் கூடவே.

மெரேபேங்கிலிருந்து: முதலிடத்தில் இரண்டு குதிரை சேர்ந்து வந்தால்?

2008இல் டர்பன் ஜூலை என்ற பெரிய ஓட்டத்தில் பாக்கெட் பவரும் டான்சர்ஸ் டாட்டரும் அப்படித்தான் வந்தன. புக்கியிடம் கட்டிய தொகையில் பாதிக்குத்தான் முழு விலை. 4-1இல் 10 ரேண்டு கட்டியிருந்தால் 5 ரேண்டுக்குக் கணக்கு, கைக்கு வருவது 25. முடிவின்மேல் ஆட்சேபணையும் வரலாம். 2014 ஜூலையில் முதலில் கோட்டைத் தாண்டியது வைலி ஹால், பரிசு லெஜிஸ்லேட்டுக்குப் போனது. முடிவு உறுதி என்று அறிவிக்கும்வரை சீட்டைக் கிழிக்காதே.