தார்சாவில் படுத்திருக்கும் நாய்

அன்புள்ள ஐயா,

எங்கள் அப்பா மறைந்து 23 நாட்கள் ஆகின்றன. அவர் வளர்த்த கன்னி இன நாய்க்கு ஐந்து வயது. மாலைதோறும் அதைக் கன்னடியன் கால்வாய்க் கரைக்கு அழைத்துப் போவார். அவர் போனதிலிருந்து அது அரைவயிறுதான் தின்கிறது. தார்சாவில் அவருடைய நாற்காலிக்கடியில் படுத்து முன்காலை நக்கிக்கொண்டே இருக்கிறது. "அண்ணனைத் தேடுது, தானா சரியாயிரும்" என்கிறார் அத்தை. நாய்க்கு மனச்சோர்வு வருமா?

ஒரு வாசகி, சேரன்மகாதேவி

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

வரும். பழகிய மனிதர் இல்லாமற்போனால் நாய்க்குத் தீனி குறைவதும், ஒதுங்கிப் படுப்பதும், முன்பு துள்ளிக் குதித்த நேரத்தில் தலையைக்கூடத் தூக்காதிருப்பதும், காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்வதும் உண்டு. ஆயினும் இவற்றில் ஒன்றுகூட மனச்சோர்வுக்கு மட்டுமே உரிய அடையாளமன்று. ஆகவே அத்தையின் சொல்லை நான் பாதிதான் ஏற்பேன்.

இது நான் பட்டறிந்தது. என் மகன் வேலைக்குச் சென்னை போன வாரத்தில் எங்கள் சிப்பிப்பாறை நாய் சோற்றுத்தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. பிள்ளையைத் தேடுகிறது என்று வீடே உருகியது. நான் அதைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதத் தொடங்கிவிட்டேன். பத்தாம் நாள் தற்செயலாக அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு, உரித்த நுங்கைப் போல் வெளுத்திருந்தது. காதுமடலுக்குள் ரத்தம் குடித்துப் பருத்த மூன்று உண்ணிகள். பரிசோதித்ததில் உண்ணிக் காய்ச்சல். ரத்தத் தட்டணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. 28 நாட்கள் மாத்திரை கொடுத்துத்தான் மீட்டோம்.

நாயின் முகமும் நம்மை ஏமாற்றும். உட்புருவத்தைத் தூக்கிக் கண்ணைப் பெரிதாக்கும் தசை நாய்களுக்கு நன்கு அமைந்திருக்கிறது, ஓநாய்களுக்கோ பெரும்பாலும் சில இழைகள்தான் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பசித்தாலும் நொந்தாலும் அந்த ஒரே முகம்தான். அதை நம்பி முடிவுகட்ட வேண்டாம்.

எனவே முதலில் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் சென்று ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நாயின் இயல்பான உடல்வெப்பமே ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் என்பதால், கையால் தொட்டுக் காய்ச்சலைக் கணிக்க இயலாது. நமக்கான காய்ச்சல் மாத்திரையையோ வலி மாத்திரையையோ நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

உடம்பில் குறையில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு அதைத் துக்கம் என்று கொள்ளலாம். அப்போது அப்பா போன அதே நேரத்தில், அதே கால்வாய்க் கரைக்கு, வீட்டில் ஒருவரே நாள்தோறும் கூட்டிச் செல்லட்டும். கன்னி ஓடுவதற்கென்றே வளர்த்தெடுத்த வேட்டைநாய். கட்டிப்போட்டால் இன்னும் ஒடுங்கும். நாற்காலி அங்கேயே கிடக்கட்டும். பல நாய்கள் சில வாரங்களில் தேறிவிடுகின்றன, சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். தேறாதவற்றுக்கு மருந்தும் உண்டு, ஆனால் அதை மருத்துவர்தான் தர வேண்டும்.

அதற்கு முன், இன்றே, அது நக்கும் முன்காலின் விரலிடுக்குகளை விலக்கிப் பாருங்கள். உண்ணி ஒளிந்துகொள்ளும் இடங்களில் அதுவும் ஒன்று.