கிளிக் செய்தது நண்டு வரி, அழிந்தது சீலா வரி

வணக்கம். நீங்கள் எழுதும் பாம்பன் மீன் ஏலக் கணக்கு நிரலின் அட்டவணையில் நண்டு வரியில் வலது கிளிக் செய்து 'நீக்கு' கொடுத்தால் மேலே உள்ள சீலா மீன் வரி அழிகிறது, மெனுவிலும் 17 உருப்படிகள் என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த அட்டவணையைக் காட்டும் டேட்டாகிரிட்வியூவில் (DataGridView) வலது கிளிக் வரியைத் தேர்வு செய்யாது. முன்பு தேர்ந்த வரிதான் பிடியில் இருக்கும். மவுஸ் பொத்தானை அழுத்தியதும் வரும் மவுஸ்டவுன் (MouseDown) நிகழ்வில் வலது பொத்தானா என்று பார்த்து, கிளிக் விழுந்த இடத்தைச் சொல்லும் ஹிட்டெஸ்ட் (HitTest) தரும் வரிக்கு கரண்ட்செல்லை (CurrentCell, நடப்புக் கட்டம்) மாற்றுங்கள். வரி எண் மைனஸ் 1 வந்தால் அது தலைப்போ வெற்றிடமோ, தொடவேண்டாம். ஐந்து வரிகள் தேர்ந்திருந்து அவற்றில் ஒன்றின் மேல் கிளிக் விழுந்தாலும் மாற்றாதீர்கள், மற்ற நான்கும் விடுபட்டுவிடும்.

மெனுவில் அந்த வரிக்கு உரியது மட்டும் போதும்: எடை திருத்து, விலை திருத்து, சீட்டு அச்சிடு. ஏற்றுமதி, அமைப்புகள் எல்லாம் மேல்பட்டைக்குப் போகட்டும். 'நீக்கு' ஒரு பிரிப்புக் கோட்டுக்குக் கீழே, கடைசியில் இருக்கட்டும். மெனு திறக்கும்முன் வரும் ஓபனிங் (Opening) நிகழ்வில் அதன் எழுத்தையே 'நண்டு 12 கிலோ: நீக்கு' என்று மாற்றிவிடுங்கள், ஏல அவசரத்திலும் கண்ணில் படும். பணம் கொடுத்து முடித்த வரிக்கு 'விலை திருத்து' மங்கலாக நிற்கட்டும், மறைக்காதீர்கள். மறைத்தால் அடுத்தது மேலேறி, பழகிய கை தவறானதை அழுத்தும்.

விசைப்பலகையில் இதே மெனுவைத் திறக்கும் ஷிஃப்ட் எஃப்10 அழுத்தியும் ஒருமுறை சோதியுங்கள்.