வரி விருப்பமா, கட்டாயமா: தாராவி நண்பருக்கு

தாராவியில் தோல் பட்டறை நடத்துகிறீர்கள். 'வரி என்பது நாமாக மனமுவந்து தருவது, கட்டாவிட்டாலும் ஒன்றுமில்லை' என்று கூட்டாளி சொல்வதை நம்பி, இந்த ஆண்டு வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விடலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

குழப்பத்தின் வேர் 'சுய மதிப்பீடு' என்ற சொல்லில் இருக்கிறது. கணக்கை நாமே போடுகிறோம். கட்டுவதா வேண்டாமா என்பது நம் கையில் இல்லை. அரசியலமைப்பின் 265ஆவது பிரிவு, சட்டத்தின் அதிகாரமின்றி வரி வசூலிக்கக் கூடாது என்கிறது. அது அரசுக்குப் போட்ட கடிவாளம். சட்டம் இருந்துவிட்டால் தனித்தனியாக நம் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை.

மாட்டுங்காவில் வேலை பார்த்த காலத்துச் சம்பளச் சீட்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன். மாதம் 200 ரூபாய் தொழில் வரி, பிப்ரவரியில் மட்டும் 300, ஆண்டுக்கு 2,500. பணம் கைக்கு வருமுன்பே கழிந்திருக்கும். ஆம், கட்டாயம்தான். அதை நான் மழுப்ப மாட்டேன்.

1928இல் குஜராத்தின் பர்தோலி விவசாயிகள் ஆங்கிலேய அரசுக்கு நிலவரி கட்ட மறுத்துப் போராடினார்கள். நிலமும் எருமையும் பறிபோகும் என்று தெரிந்தே, ஊரறிய மறுத்தார்கள். உங்கள் கூட்டாளி சொல்வது அப்படிப்பட்ட போராட்டமல்ல, சத்தமில்லாமல் கட்டாமல் விடுவது.

தாமதித்தால் 5,000 ரூபாய் வரை கட்டணம், அதற்கு மேல் வட்டி. பில்களை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.