மீன் முதலில், தொட்டி அப்புறம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மீன்தொட்டி பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளைப் பார்த்தால் இந்த இதழை மீனுக்கே கொடுத்துவிடலாம் போலிருக்கிறது, கொடுத்துவிட்டேன்.

நாய் வாங்குகிறவர் ஆறு மாதம் யோசிக்கிறார். மீன் வளர்க்கிறவர்கள் மட்டும் எப்படித் திடீரென்று அதில் இறங்கிவிடுகிறார்கள்? யாராவது திட்டம் போட்டு ஆரம்பித்ததுண்டா?
— வேடிக்கை பார்க்கும் வாசகர்

திட்டம் போட்டு ஆரம்பித்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் இதற்குள் வருகிற வழி நாலைந்துதான். பிள்ளை அடம்பிடித்து வாங்கிய தங்கமீன். பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த கண்ணாடிக் கிண்ணம், உள்ளே ஒற்றை ஃபைட்டர் மீன். வீடு மாறிப் போகிறவர் 'கொஞ்ச நாள் பார்த்துக்கோ' என்று தலையில் கட்டிவிட்டுப் போன தொட்டி. இல்லையென்றால் கப்பி வைத்திருக்கும் ஒருவரோடு பழக்கம். இந்தக் கடைசி வழியில் தப்பிப்பது கஷ்டம், ஏனென்றால் கப்பி முட்டையிடாமல் நேராகக் குட்டி போடும் மீன், கிட்டத்தட்ட மாதம் ஒருமுறை போடும், ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண் அப்புறம் ஆணே இல்லாமல் பல மாதம் போட்டுக்கொண்டிருக்கும், அதனால் அவர் வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் ஒரு கவரைத் திணித்துக்கொண்டே இருப்பார்.

எந்த வழியில் வந்தாலும் ஒன்று மட்டும் மாறாது. மீன் முதலில் வந்துவிடுகிறது, தொட்டி அப்புறம், தண்ணீரைப் பற்றிய யோசனை கடைசியில். நடக்க வேண்டியது நேர் தலைகீழ். அதனால் ஒருவர் எப்படி உள்ளே வந்தார் என்பதை வைத்து அவர் நிலைப்பாரா என்று நான் பார்ப்பதில்லை, மூன்றாவது வாரத்தில் என்ன செய்கிறார் என்றுதான் பார்ப்பேன். ஏன் மூன்றாவது வாரம் என்பது அடுத்த பதிலில்.

மீன் மேல் ஆசையே இல்லாமல், ஒரு சந்தேகத்தால் உள்ளே வந்த ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ழான் வில்ப்ரே பவர், பிரான்ஸில் உடை தைத்துக்கொண்டிருந்த பெண். கல்யாணமாகி சிசிலித் தீவுக்குப் போனார். அங்கே கடலில் ஆர்கோனாட் என்று ஆக்டோபஸ் வகை உயிரினம் ஒன்று, மெல்லிய ஓட்டுக்குள் இருக்கும். அந்த ஓடு அதன் சொந்தச் சரக்கா, வேறொன்றிடமிருந்து திருடியதா என்று படித்தவர்களுக்குள் பெரிய சண்டை. இவர் 1832-இல் கண்ணாடித் தொட்டி செய்து, அதில் அவற்றை விட்டு, ஓட்டைக் கொஞ்சம் உடைத்துவிட்டுக் காத்திருந்தார். உடைந்த இடத்தை அதுவே அடைத்துக்கொண்டது, ஓடு அதன் சொந்தச் சரக்குதான். சண்டை தீர்ந்தது. இன்று வரவேற்பறையில் நாம் வைத்திருக்கும் தொட்டியின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தால் பலரும் இவரிடமிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

மகனுக்காக இரண்டு தங்கமீன் வாங்கினோம். கிண்ணம் போதாது என்றார்கள், சின்னத் தொட்டியும் பில்டரும் வைத்தோம். முதல் வாரம் நன்றாக ஓடியாடின. அப்புறம் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியதால் எல்லாவற்றையும் கொட்டி, பில்டர் பஞ்சு வரை குழாயடியில் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டோம். இருபதாம் நாள் ஒன்று செத்துவிட்டது, இன்னொன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. எங்கள் கைராசி சரியில்லையா?
— ஒரு அம்மா

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை அம்மா. முதலில் உயிரோடு இருப்பதைக் காப்பாற்றுங்கள், விளக்கம் பிறகு. தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய, அதே சூட்டிலிருக்கும் தண்ணீரை மெதுவாக விடுங்கள். இரண்டு நாள் சாப்பாடு போடாதீர்கள், மீன் பட்டினியில் சாகாது. காற்றுக் குமிழி நன்றாக வரட்டும். மேலே வந்து வாயைத் திறப்பது பசியில்லை, மூச்சுமுட்டல்.

இப்போது விளக்கம். மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியே விடுகிறது, அதன் கழிவும் தின்னாமல் விட்ட துகளும் அழுகி இன்னும் அம்மோனியா ஆகின்றன. ஆற்றிலும் குளத்திலும் இது பெரிய விஷயமில்லை, தண்ணீர் ஏராளம். தொட்டியில் அதே மீன் அதே விஷத்தில் கிடக்கிறது. இதைத் தின்றே வாழ்கிற பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும், உங்கள் மீன் மேலே வந்து தவிப்பதற்கு இது காரணமாக இருக்கலாம். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும், அது அவ்வளவு கெடுதல் இல்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். சிக்கல் என்னவென்றால் புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமுமே கிடையாது. வந்து பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை விஷம் ஏறிக்கொண்டே இருக்கும், ஆகவே இரண்டாவது மூன்றாவது வாரத்தில்தான் பல வீடுகளில் மீன் சாகிறது. முதல் வாரம் ஓடியாடியதைப் பார்த்து ஏமாந்துபோகிறோம்.

அந்த வெள்ளைக் கலங்கல் பெரும்பாலும் தண்ணீரில் வேறு வகை பாக்டீரியா திடீரென்று பெருகுவதால் வருவது, விட்டுவிட்டால் சில நாளில் தானே தெளியும். உங்களுக்கு வேண்டிய அந்த இரண்டு கூட்டமும் தண்ணீரில் மிதப்பதைவிட, பில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்வதுதான் அதிகம். பஞ்சைக் குழாயடியில் தேய்த்தபோது அப்போதுதான் குடியேற ஆரம்பித்ததையும் குளோரினால் கொன்றுவிட்டீர்கள், கணக்கு மறுபடி முதல் நாளுக்குப் போய்விட்டது. இனி பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்து அதில் இரண்டு முறை பிழிந்துவிட்டு அழுக்கோடே திரும்ப வையுங்கள். பார்க்கப் பழுப்பாக, கொஞ்சம் வழவழவென்று இருக்க வேண்டும், வெள்ளைவெளேரென்ற பஞ்சு இங்கே நல்ல அறிகுறி இல்லை.

இன்னொன்று, தங்கமீன் ஆரம்பக்காரர் மீன் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும், நீள உடம்பு வகை ஓர் அடி வரைகூட வளரும். இங்கிலாந்தில் டிஷ் என்ற தங்கமீன் 43 வருடம் வாழ்ந்து 1999-இல் செத்தது, கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. இருபதாம் நாள் சாவது அந்த மீனின் இயல்பு அல்ல.

மீன்தொட்டி வைத்தால் வீடு நாறும் என்கிறார் என் மாமியார். உண்மையா?
— மருமகள்

நன்றாக ஓடுகிற தொட்டியில் மழை நின்ற மண்வாசனை மாதிரி லேசாக ஒன்று வரும், அதுவும் மூடியைத் திறந்து குனிந்தால்தான். நாறினால் உள்ளே ஏதோ அழுகுகிறது, அதிகமாகச் சாப்பாடு போடுகிறீர்கள் அல்லது கல்லுக்குப் பின்னால் ஒரு மீன் செத்துக் கிடக்கிறது. மாமியார் எங்கோ அப்படி ஒரு தொட்டியைப் பார்த்திருப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. சாப்பாடு போடும் வேலையை அவரிடமே கொடுத்துப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் போடக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. ஒரே வாரத்தில் எந்த மீன் எந்த மீனை விரட்டுகிறது என்று உங்களுக்கே கதை சொல்வார்.

முதல் தொட்டி என்பதால் சின்னதாக, பத்து லிட்டரில் ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன். என்ன மீன் விடலாம்?
— கல்லூரி மாணவர்

தம்பி, சின்னது சுலபம் என்று தோன்றும். தண்ணீர் குறைவாக இருந்தால் ஒரு சிட்டிகை சாப்பாடு கூடிப்போனாலும் விஷம் சட்டென்று ஏறும், வெயில் கொஞ்சம் பட்டாலும் சூடு ஏறும். அறுபது லிட்டர் தொட்டி உன் தப்புகளைப் பொறுத்துக்கொள்ளும், பத்து லிட்டர் பொறுக்காது. இடமிருந்தால் அறுபதுக்குப் போ. ஆனால் வைக்கும் மேஜையை முதலில் பார், ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதோடு கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் இரண்டு பேர் தூக்கத் திணறும் எடை. ஜன்னல் வெயில் படுகிற இடம் வேண்டாம், பாசி பிடிக்கும்.

இடமே இல்லையென்றால் இருபது லிட்டரில் ஒரே ஒரு ஆண் ஃபைட்டர். தலைக்குள்ளிருக்கும் ஒரு தனி உறுப்பால் அது மேலே வந்து நேராகக் காற்றையே சுவாசிக்கும், அதனால்தான் கடைகளில் அதைத் தம்ளரில் வைத்து விற்கிறார்கள். உயிரோடு இருக்கிறது என்பதற்காக வசதியாக இருக்கிறது என்று ஆகாது, ஒழுங்கான தொட்டியில் விட்டதும் அது துடுப்பை விரித்துக்கொண்டு ஒவ்வொரு செடியாகப் போய் மோந்து பார்ப்பதைக் கவனி. இன்னொரு ஆணை மட்டும் சேர்த்துவிடாதே, இரண்டும் கிழித்துக்கொள்ளும். அறுபது லிட்டர் என்றால் கப்பி நல்ல தொடக்கம், ஆண்களை மட்டும் வாங்கினால் குட்டித் தொல்லை கிடையாது. நியான் டெட்ரா அழகுதான், ஆனால் கூட்டமாக இருந்தால்தான் தைரியமாக வெளியே வரும், அதுவும் தொட்டி சில மாதம் ஓடிப் பழகிய பிறகு வாங்கு.

செடி கட்டாயம் வை. லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1849, 1850 வாக்கில் இரண்டு தங்கமீனையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். செடி இருந்தும் தண்ணீர் கெட்டது, உதிர்ந்த இலை அழுகியதுதான் காரணம். அதைத் தின்ன நத்தைகளை விட்ட பிறகு சரியானது. பாக்டீரியா சங்கதி தெரியாத காலத்திலேயே மனிதர் பாதி தூரம் வந்துவிட்டார்.

நண்பர் வெளிநாடு போகும்போது தொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் 'டேங்க் கிளீனர்' என்று ஒரு கருப்பு மீன், இப்போது முழங்கை நீளம் வந்துவிட்டது. பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா?
— மாட்டிக்கொண்டவர்

கூடவே கூடாது. விரல் நீளத்தில் பாசி தின்னும் என்று விற்கப்படும் அந்த மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது, ஓர் அடிக்கு மேல் வளரும், உடம்பெல்லாம் கவசம், அதனால் புது இடத்தில் அதைத் தின்ன வருவது குறைவு. இப்படித் தொட்டியிலிருந்து போனவைதான் மெக்சிகோவிலும் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலும் ஆசிய நாடுகள் பலவற்றிலும் நீர்நிலைகளில் பெருகி, கரையில் வளை தோண்டி மண்ணைச் சரிக்கின்றன. வாங்கிய கடையில் திருப்பிக் கேளுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் யாராவது இருப்பார்கள், கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். தொட்டியை இடம் மாற்றுவதாக இருந்தால் பில்டர் பஞ்சைப் பழைய தொட்டித் தண்ணீரிலேயே ஈரமாக வைத்துக் கொண்டுபோங்கள். நண்பர் கொடுத்ததில் மதிப்புள்ள பொருள் அதுதான்.

மீனைக் கண்ணாடிக்குள் அடைப்பது பாவமில்லையா? மூன்று நொடிதான் ஞாபகம், அதற்கு ஒன்றும் தெரியாது என்று சமாதானம் சொல்கிறார்கள்.
— மனசு கேட்காதவர்

அந்தச் சமாதானம் பொய். நாளின் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் லீவரைத் தள்ளினால் உணவு என்று பழக்கினால் தங்கமீன் அந்த நேரத்துக்குச் சரியாக வந்து தள்ளும், பழகியதை மாதக்கணக்கில் மறக்காது. ஆக அதற்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே பேசுவோம்.

என் கருத்து இது: கிண்ணம் பாவம், சரியான தொட்டி பாவமில்லை. கப்பி, நியான், ஃபைட்டர் எல்லாம் பெரும்பாலும் பண்ணையில் பிறந்து வளர்ந்தவை. கடலிலிருந்து பிடிக்கும் மீன் வேறு கதை. உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு வரும் மீன்களில் மிகப் பெரும்பகுதி பவளப்பாறைகளில் பிடித்தவை, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடு தெளித்து மயக்கிப் பிடித்த வரலாறும் உண்டு, புதியவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. அதற்காக இயற்கையிலிருந்து பிடித்ததெல்லாம் கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது. பிரேசிலில் ரியோ நெக்ரோ ஆற்றோரம் பார்சிலோஸ் ஊரில் கார்டினல் டெட்ரா பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த மீன் இருந்தால்தான் பிழைப்பு என்பதால் ஆறும் காடும் கெடாமல் இருப்பது அவர்களுக்கே லாபம்.

பதினைந்து நாளாகத் தண்ணீர், செடி, பில்டர் எல்லாம் ஓடுகிறது, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவும் போடுகிறேன், மீன் மட்டும் இல்லை. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எப்போது மீன் வாங்கலாம்?
— காலித் தொட்டிக்காரர்

உங்களைப் போல ஒருவர் எழுத மாட்டாரா என்றுதான் காத்திருந்தேன். சிரிக்கட்டும். சொட்டு மருந்து போல வரும் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள், சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து அதிலிருப்பதைச் சில சொட்டு விட்டால் நிறம் மாறும். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து நைட்ரேட் மட்டும் காட்டும். தினமும் அந்தச் சிட்டிகை போட்டுக்கொண்டிருந்தும் ஒரு வாரம் அப்படியே நின்றால் கடைக்குப் போகலாம். அவசரமென்றால், ஆரோக்கியமான பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் பில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் பில்டரில் செருகுங்கள், வாரக்கணக்கு குறையும்.

எல்லா மீனையும் ஒரே நாளில் வாங்காதீர்கள், மூன்று நாலில் ஆரம்பித்து இரண்டு வாரம் விட்டு அடுத்தது. கவரைக் கட்டவிழ்க்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, அப்புறம் திறந்து தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீர் சாக்கடைக்கு. வீட்டில் சிரித்தவர்கள் அன்றைக்கே சாப்பாடு போட வருவார்கள், மறுநாள் போடச் சொல்லுங்கள்.