சிறிய வீட்டில் சுவருக்குள் மறையும் கதவு: எங்கே வைக்கலாம், எப்படிப் பொருத்த வேண்டும்?

சென்னையில் இருபது ஆண்டுப் பழைய இரண்டு படுக்கையறை அடுக்கக வீட்டைப் புதுப்பிப்பதாகவும், குளியலறைக் கதவும் படுக்கையறைக் கதவும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதால் இரண்டுக்கும் பாக்கெட் டோர் எனப்படும், சுவருக்குள் நகர்ந்து மறையும் கதவை வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் குளியலறைக்கு அத்தகைய கதவைப் பொருத்தியிருக்கிறோம். அந்த வேலையை அருகிலிருந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: குளியலறைக்கு வையுங்கள், படுக்கையறைக்கு வேண்டாம். எதற்கும் கதவுக் கடைக்குப் போகும் முன் சுவரைப் பாருங்கள். இதில் செலவும் சிரமமும் பெரும்பாலும் சுவரில்தான் இருக்கின்றன.

இரண்டரை அடி அகலக் கதவு உள்நோக்கித் திறந்தால், தான் சுழல்வதற்கு மட்டும் ஏறத்தாழ 5 சதுர அடித் தரையை எடுத்துக்கொள்கிறது. எட்டுக்கு நான்கு அடிக் குளியலறையின் மொத்தப் பரப்பே 32 சதுர அடிதான். வாக்கர் பிடித்து நடக்கும் ஒருவர் உள்ளே போய்த் திரும்பிக் கதவைச் சாத்தத் திணறுவது இதனால்தான். இடத்தைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. முதியவர் உள்ளே வழுக்கி விழுந்து கதவின்மேல் சாய்ந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ள முடியாது. தள்ளினால் அவருக்கே அடிபடும். பக்கவாட்டில் நகரும் கதவில் அந்த ஆபத்து இல்லை. நாங்கள் இந்தக் கதவைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான்.

இனிச் சுவருக்கு வருவோம். கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்து, அந்தச் சுவர் எதைத் தாங்கி நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். தூணும் உத்தரமும் போட்டுக் கட்டிய அடுக்ககத்தில் நாலரை அங்குலச் செங்கல் தடுப்புச் சுவர் பெரும்பாலும் தன் எடையை மட்டுமே சுமக்கும். அதன் ஒரு பகுதியை அகற்றிவிட்டு வேறு சட்டம் அமைக்கலாம். தூண் இல்லாமல் ஒன்பது அங்குலச் சுவர்களின்மேல் தளம் போட்ட பழைய கட்டடம் என்றால் கதை வேறு. அலுமினிய அச்சு வைத்து வார்க்கப்படும் மிவான் வகைப் புதிய கட்டடங்களில் அறைகளுக்கு இடையிலுள்ள சுவர்களும் கம்பி கட்டிய கான்கிரீட்டாகவே இருக்கும். அவற்றில் கை வைக்கவே கூடாது. நம் ஊர் வீடுகளுக்கே உரிய இன்னொரு சிக்கல் லாஃப்ட். குளியலறைக்கு மேலோ படுக்கையறை ஓரத்திலோ நீண்டிருக்கும் அந்தப் பலகை, கதவுத் திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் லிண்டல் எனப்படும் கான்கிரீட் உத்தரத்தோடு சேர்த்து வார்க்கப்பட்டிருந்தால், அதன் மேலுள்ள செங்கல் சுவரின் எடைதான் அது கவிழாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அத்தகைய சுவரை முட்டுக் கொடுக்காமல் உடைப்பது உயிருக்கே ஆபத்து. லாஃப்ட் இல்லாவிட்டாலும், கதவுக்கான திறப்பு இரு மடங்காக அகலும்போது பழைய லிண்டல் போதாது. இருபுறமும் ஆறு அங்குலமாவது சுவரில் உட்காரும்படி புதிய லிண்டல் போட்ட பிறகே கீழேயுள்ள செங்கலை எடுக்க வேண்டும். வீட்டு உரிமையாளர் சங்கத்தின் அனுமதியையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

நாலரை அங்குலச் சுவரைக் குடைந்து கதவுக்குப் பொந்து அமைக்க முடியாது. அந்தப் பகுதியை முழுதாக எடுத்துவிட்டு, நடுவில் வெற்றிடம் விட்ட மெல்லிய இரட்டைச் சுவரைக் கட்ட வேண்டும். இதனால் சுவர் தடித்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த அச்சம் தேவையற்றது என்று தெரியும். 32 மி.மீ. ஃபிளஷ் கதவுக்கு இருபுறமும் மைக்கா ஒட்டினால் 34 மி.மீ.; கதவு உரசாமல் நகரப் பக்கத்துக்கு 10 மி.மீ. விட்டால் 54, இருபுறமும் படுக்கை வாக்கில் வைத்த 40-க்கு 20 இரும்புக் குழாய்ச் சட்டத்துக்கு 40 சேர்த்தால் 94, வெளியே 12 மி.மீ. பலகை இரண்டு வைத்தால் 118. குளியலறைப் பக்கம் டைல்ஸும் அதை ஒட்டும் பசையும் 12 மி.மீ. எடுத்தாலும் மொத்தம் 130 மி.மீ.தான். இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் சுவரே ஏறத்தாழ 139 மி.மீ. இருக்கும், ஆகவே புதிய சுவர் பழைய தடிமனுக்குள் அடங்கிவிடுகிறது. ஐரோப்பிய நிறுவனங்களின் ஆயத்த இரும்புச் சட்டங்களை வாங்கினால் 100 அல்லது 125 மி.மீ. தடிமனில்கூட முடிக்கலாம், விலைதான் அதிகம். நீளவாக்கில் இரண்டரை அடிக் கதவுக்கு ஐந்தடி இரண்டு அங்குலமாவது வேண்டும். மேலே கதவு தொங்கி நகரும் தண்டவாளமான ரயிலுக்கும் அதில் ஓடும் உருளைக்கும் மூன்று நான்கு அங்குலம் போய்விடுவதால், லிண்டலை ஏழடியிலேயே வைத்தால் கதவின் உயரம் ஆறே முக்கால் அடிக்குக் குறையும். புதிய லிண்டல் எப்படியும் போடப்போகிறீர்கள், அதைச் சற்று உயர்த்திப் போடச் சொல்லுங்கள்.

சிக்கனம் காட்டக் கூடாத இடம் ரயில். சுவர் மூடிய பிறகு அதன் பாதி நீளம் கண்ணுக்கும் கைக்கும் எட்டாது. இரண்டரை அடி ஃபிளஷ் கதவு ஏறத்தாழ 30 கிலோ இருக்கும் என்பதால் 60 அல்லது 80 கிலோ தாங்கும் என்று குறிக்கப்பட்ட ரயிலையே வாங்குங்கள். உருளை தண்டவாளத்தைவிட்டுத் துள்ளி வெளியேறாத அமைப்பும், கதவைத் தொங்கவிட்ட பின்னும் ஸ்பேனரால் ஏற்றி இறக்கும் போல்ட்டும் அதில் இருக்க வேண்டும். ரயிலை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, கதவைத் தொங்கவிட்டு, பலகை அடிக்கும் முன்பே சில நாள் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். நடுவில் எங்கே விட்டாலும் கதவு தானாக நகராமல் அங்கேயே நிற்க வேண்டும்; நகர்ந்தால் ரயில் மட்டத்தில் இல்லை. இந்தச் சோதனை முடியாமல் சுவரை மூட எங்கள் ஆசாரி ஒப்புக்கொள்ளவே இல்லை. அவருக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். பலகையை முடுக்கும் ஸ்குரூக்களின் முனை குழாயைத் தாண்டிப் பொந்துக்குள் நீண்டால் கதவைக் கீறிவிடும் என்பதால் குட்டை ஸ்குரூக்களை மட்டுமே கொடுங்கள்.

குளியலறையில் தண்ணீர் பொந்துக்குள் போகாமல் தடுப்பதற்கு நாங்கள் செய்த ஏற்பாடு இன்றுவரை நன்றாக வேலை செய்கிறது. வாசப்படிக் கிரானைட் பலகையைக் கதவின் அகலத்தோடு நிறுத்தாமல், பொந்தின் அடிவரை ஒரே பலகையாக ஐந்தடிக்கு ஓட்டி, குளியலறைத் தரையைவிட அரை அங்குலம் உயரமாக அமைத்தோம். வாக்கர் இடறாதபடி திறப்புக்கு நேரே விளிம்பைச் சரிவாகத் தேய்த்தாகிவிட்டது. கதவின் அடிப்பகுதியில் ஓடும் காடிக்குள் புகுந்து நிற்கும் நைலான் வழிகாட்டி பொந்தின் வாயில், அந்தக் கிரானைட்டின் மேலேயே பதிந்திருக்கிறது. அதனால் திறப்பின் தரையில் தடம் எதுவும் இல்லை, கால் இடறாது. அந்தப் பக்கச் சுவருக்கு ஜிப்சம் போர்டு வேண்டாம், ஃபைபர் சிமென்ட் போர்டு கேளுங்கள். ஷவர் இருக்கும் பக்கத்துச் சுவரில் பொந்து அமைக்கவே கூடாது; வாஷ்பேசின் பக்கம் அமையுங்கள், ஆனால் பேசினையோ கீசரையோ அந்த மெல்லிய சுவரில் மாட்டாதீர்கள். கதவு தண்ணீர் தாங்கும் தரத்ததாக இருக்கட்டும். மேல் விளிம்பு, அடி விளிம்பு உட்பட ஆறு பக்கமும் அடைத்து வண்ணம் பூசாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஊதிக்கொள்ளும். பொந்துக்குள் ஊதிய கதவைச் சீவுவது பெரும்பாடு.

கைப்பிடியைத் தேர்ந்தெடுக்கும்போது விரல்களை நினைத்துக்கொள்ளுங்கள். கதவோடு சமமாகப் பதிந்த பிடி பார்க்க அழகாக இருந்தாலும் மூட்டுவலி உள்ள விரல்களுக்கு அது பிடிபடாது. நாங்கள் பெரிய வளைவுப் பிடியே வைத்தோம். அதனால் கதவு முழுதாகப் பொந்துக்குள் போகாமல் மூன்று அங்குலம் வெளியே நிற்கிறது, வழியும் அந்த அளவுக்குக் குறைகிறது. சக்கர நாற்காலி தேவைப்படக்கூடும் என்றால் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். அமெரிக்காவின் அணுகல் நெறிகள் வழியில் குறைந்தது 32 அங்குலம் தடையின்றி இருக்க வேண்டும் என்கின்றன. சுவர் இடம் தந்தால் மூன்றடிக் கதவே நல்லது. பூட்டு, கொக்கி நாக்கு உள்ளதாகவும், வெளியிலிருந்து காசை வைத்துத் திருப்பித் திறக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

படுக்கையறைக்கு வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் சத்தம். இந்தக் கதவு நிலையில் அழுந்தி மூடுவதில்லை. சுற்றிலும் இடைவெளி இருப்பதால் கூடத்துத் தொலைக்காட்சி உள்ளே கேட்கும், குளிர்சாதனக் காற்றும் கசியும். குளியலறைக் கதவு சுவருக்குள் போய்விட்டாலே இரண்டும் முட்டிக்கொள்ளும் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதால் படுக்கையறையில் கீல் கதவே இருக்கட்டும்.

பொந்து இருக்கும் பகுதியில் ஸ்விட்ச் பெட்டி, வயர்க் குழாய், தண்ணீர்க் குழாய் எதுவும் வர முடியாது. கதவருகே இருக்கும் ஸ்விட்ச் போர்டை எங்கே மாற்றுவது என்று எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். இருட்டான பொந்து கரப்பானுக்கும் பல்லிக்கும் பிடித்த இடம், ஆகவே வாயின் இருபுறமும் பிரஷ் பட்டை ஒட்டி, அடைக்கும் முன் கரையான் மருந்து அடியுங்கள். பொந்தின் வாயை மூடும் நிலைச்சட்டத்தில் ஒரு பக்கத்தை ஆணி அடிக்காமல் ஸ்குரூ போட்டு வைத்தால், பின்னாளில் அதைக் கழற்றிக் கதவை வெளியே எடுக்கலாம், உருளையையும் மாற்றலாம். பலகை அடிப்பதற்கு முன் அளவு நாடாவைச் சட்டத்தின்மேல் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை அந்தச் சுவரில் நாட்காட்டி மாட்ட ஆணி அடிக்க வருபவரிடம் முதலில் அதைக் காட்ட வேண்டியிருக்கும்.