ஓப்பன் சோர்ஸ் ஃபிரேம்வொர்க்கில் பெரிய மாற்றங்களை யார் முடிவு செய்கிறார்கள்? பயனர்கள் சொன்னால் கேட்பார்களா?

கேட்பார்கள். ஆனால் எத்தனை பேர் சொன்னார்கள் என்பதைவிட என்ன காரணம் சொன்னார்கள் என்பதுதான் கணக்கில் வரும். நான் வேலைக்குப் பயன்படுத்தும் வியூவையே (Vue, இணையப் பக்கங்களின் இடைமுகத்தை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்) எடுத்துக்கொள்கிறேன். அங்கே வாக்கெடுப்பு கிடையாது. ஆர்எஃப்சி என்ற முன்மொழிவு ஆவணம் கிட்ஹப்பில் வரும், யார் வேண்டுமானாலும் கருத்து சொல்லலாம், கடைசி முடிவு வியூவை உருவாக்கிய ஈவன் யூவும் மையக் குழுவும் எடுப்பது.

வியூவின் பழைய முறையில் ஒரு காம்போனென்ட்டை, அதாவது பக்கத்தின் ஒரு தனித் துண்டை, டேட்டா, மெத்தட்ஸ், வாட்ச், மவுண்டட் என்று பகுதி பகுதியாக எழுத வேண்டும். சின்ன காம்போனென்ட்டுக்கு இது அருமை. புதியவர்கள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். பெரிதாகும்போதுதான் சிக்கல். தேடல் வசதி ஒன்றுக்கான நிரல் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும். அதைப் பல காம்போனென்ட்களில் பொதுவாகப் பயன்படுத்த மிக்சின் என்ற வழி இருந்தது. மூன்று மிக்சின் சேர்த்த ஃபைலைத் திறந்தால் ஒரு மாறி எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. ஒரே பெயர் இரண்டில் இருந்தால் மோதல் வேறு. ஜாவாஸ்கிரிப்ட்டில் தரவு வகைகளைச் சரிபார்க்க உதவும் டைப்ஸ்கிரிப்ட்டும் இதோடு சரியாக ஒத்துப்போகவில்லை. இதற்குத் தீர்வாக முதலில் கிளாஸ் முறை ஒன்றை முன்மொழிந்து, பிறகு கைவிட்டார்கள்.

2019 ஜூனில் ஃபங்ஷன் அடிப்படையிலான புது ஏபிஐக்கு, அதாவது காம்போனென்ட் எழுதும் புது முறைக்கு, ஆர்எஃப்சி வந்தது. எதிர்ப்பு கிளம்பிவிட்டது. ரியாக்ட் என்ற போட்டி நூலகத்தின் ஹூக்ஸ் வசதியைப் பார்த்து எழுதியது என்றார்கள், நிரல் குழம்பிப்போகும் என்றார்கள். இவற்றைவிட முக்கியமான பயம் ஒன்று இருந்தது: பழைய முறை பின்னால் நீக்கப்படும் என்று நினைக்கும்படி வரைவு அமைந்திருந்தது. தன் நிறுவனத்தில் பேசிப் பேசி வியூவைக் கொண்டுவந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இடி என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கோபம் நியாயமானது.

சரி, என்ன மாறியது? பழைய முறை அப்படியே தொடரும், புதியது கூடுதல் வசதி மட்டுமே என்று தெளிவாக்கினார்கள். ஆவணத்தைத் திருத்தி எழுதி, காம்போசிஷன் ஏபிஐ என்று பெயரையும் மாற்றினார்கள். வியூ 2-இலேயே முயன்று பார்க்க ஒரு பிளகின் கொடுத்தார்கள். 2020 செப்டம்பரில் வியூ 3 வந்தபோது இரண்டு முறையும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் அடிப்படை வடிவமைப்பை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அது சரிதான் என்பேன். மிக்சின் சிக்கலுக்கு எதிர்த்தவர்களிடமும் அதைவிட நல்ல விடை இல்லை.

அப்புறம் ரியாக்டிவிட்டி டிரான்ஸ்ஃபார்ம். புது முறையில் ரியாக்டிவ் மாறியின் (மதிப்பு மாறினால் திரையும் தானாக மாறும் மாறி) மதிப்பை எடுக்க எங்கு பார்த்தாலும் .வேல்யூ என்று எழுதும் தொல்லையை, நிரலை மாற்றித்தரும் கம்பைலரே பார்த்துக்கொள்ளும் சோதனை வசதி அது. பலருக்குப் பிடித்திருந்தது, எனக்கும்தான். ஆனாலும் 2023-இல் அதைக் கைவிட்டு, 3.4 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். எது சாதாரண மாறி, எது ரியாக்டிவ் மாறி என்று நிரலைப் பார்த்துப் பிரித்தறிய முடியவில்லை என்பது முக்கியமான காரணம். வேண்டியவர்களுக்கு அது வியூ மேக்ரோஸ் என்ற தனி நூலகத்தில் கிடைக்கிறது. எனக்குப் பிடித்த வசதி போனாலும், அடுத்தவர் எழுதிய ஃபைலைத் திறக்கும்போது அந்தக் காரணம் புரிகிறது.

அதனால் ஒரு ஆர்எஃப்சி உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால், குறைபாடுகள், மாற்று வழிகள் என்ற பகுதிகளை முதலில் படியுங்கள். உங்கள் ஆட்சேபம் அங்கே இல்லையென்றால், உங்கள் புராஜெக்டில் உடையும் இடத்தை இருபது வரி நிரலாகச் சுருக்கி அந்த விவாதத்தில் போடுங்கள்.